கடைசி வரிசை மாணவருக்கும் புரியும்படி பாடப் படங்களைத் தயாரிப்பது எப்படி?

கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஒரே ஒரு பாடத்துக்காக ஐந்து மணி நேரம் உட்கார்ந்து முப்பத்தெட்டு ஸ்லைடுகளைத் தயாரித்தேன். நிழல் விழும் எழுத்துகள், சுழன்று வந்து நிற்கும் தலைப்புகள், மூலைக்கு மூலை கார்ட்டூன் படங்கள் என்று எதிலும் குறை வைக்கவில்லை. வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இதுல நாங்க எதைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு பல பருவங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றைப் புதிதாகக் கற்பிக்க வருபவர்களுக்காக வரிசைப்படுத்தித் தருகிறேன். ஓவியத் திறமை எதுவும் தேவையில்லை. ஓர் அளவு நாடாவும் கொஞ்சம் கண்டிப்பும் போதும்.

1. படத்தைத் தேடுவதற்கு முன் ஒரு வாக்கியத்தை எழுதுங்கள்

மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, இந்தப் படத்தைப் பார்த்து முடித்த மாணவர் தன் சொற்களில் எதைச் சொல்ல வேண்டும் என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "இதயத்தின் அமைப்பு" என்பது வாக்கியமன்று, வெறும் தலைப்பு. "உடலை ஒருமுறை முழுதாகச் சுற்றி வருவதற்குள் இரத்தம் இதயத்தின் வழியே இரண்டு முறை செல்கிறது" என்பதுதான் வாக்கியம். இதை எழுதிய உடனே, படத்தில் எது இருக்க வேண்டும், எதை நீக்கலாம் என்பது பாதி முடிவாகிவிடும்.

வாக்கியத்தில் "மேலும்" என்ற சொல் வந்தால் உங்களுக்குத் தேவைப்படுபவை இரண்டு படங்கள். வாக்கியமே வரவில்லை என்றால் அந்த இடத்தில் படம் தேவையில்லை. வாயால் சொல்லிவிட்டுப் போகலாம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். அழகான வார்ப்புரு (டெம்ப்ளேட்) ஒன்றை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதிலுள்ள கட்டங்களை நிரப்புவதற்காகப் பாடத்தை வெட்டி ஒட்டுகிறோம்.

2. கடைசி வரிசையிலிருந்து அளவெடுங்கள்

அளவு நாடாவுடன் காலியான வகுப்பறைக்குள் ஒருமுறை செல்லுங்கள். திரையின் அகலத்தையும், திரையிலிருந்து கடைசி வரிசை இருக்கை வரையுள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்கள் ஆண்டு முழுவதும் உதவும்.

திரை 2 மீட்டர் அகலம், கடைசி இருக்கை 8 மீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். தொலைவு அகலத்தைப் போல நான்கு மடங்கு. வீட்டில் ஸ்லைடைத் தயாரித்ததும், மடிக்கணினியின் திரை அகலத்தைப் போல நான்கு மடங்கு தூரம் பின்னால் சென்று நின்று பாருங்கள்; 34 சென்டிமீட்டர் அகலத் திரையென்றால் ஏறத்தாழ 136 சென்டிமீட்டர். அங்கிருந்து உங்களால் எதைப் படிக்க முடியவில்லையோ, அதைக் கடைசி வரிசை மாணவராலும் படிக்க முடியாது. வகுப்பறைப் புரொஜெக்டர் மடிக்கணினித் திரையைவிட மங்கலானது என்பதால், சிரமப்பட்டுப் படிக்க முடிந்ததையும் படிக்க முடியாததாகவே கணக்கிடுங்கள்.

கணக்கு வேண்டுபவர்களுக்கு: கண் மருத்துவர்கள் இயல்பான பார்வைக்குச் சொல்லும் 6/6 அளவுகோலின்படி, 6 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் உயர எழுத்துதான் கண்ணுக்கு எட்டும் எல்லை. 8 மீட்டரில் அது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஆகிறது. எல்லையில் எழுதிவிட்டு மாணவர் படிக்கவில்லை என்று குறைசொல்ல முடியாது. இரண்டு மடங்காவது வேண்டும், அதாவது 24 மில்லிமீட்டர். மேலே சொன்ன 2 மீட்டர் திரையில், 16:9 (அகலம்:உயரம்) விகித ஸ்லைடில், 28 புள்ளி எழுத்து, அதாவது மென்பொருளின் எழுத்தளவுப் பெட்டியில் 28 என்று வைத்த எழுத்து, இந்த அளவைத் தாண்டிவிடும். 18 புள்ளி எழுத்து தாண்டாது. ஆகவே 28 புள்ளிக்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். எழுத்து இடத்துக்குள் அடங்கவில்லையென்றால் சொற்களைக் குறைக்கிறேன். மென்பொருள் தானாகவே எழுத்தைச் சுருக்கி அடக்கும் வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். நமக்குத் தெரியாமலேயே அது 28-ஐ 17 ஆக்கிவிடும்.

3. தமிழ் எழுத்துகளுக்கு உரிய கவனம்

வடிவமைப்பு பற்றிய பொதுவான அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நம் எழுத்துகளில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்கின்றன. வரி இடைவெளியை ஒற்றையாக விட்டால், மேல் வரியின் "கூ" கீழ் வரியின் "ளி" மீது மோதும். 1.2 முதல் 1.4 வரை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது புள்ளி. மெல்லிய கோடுகளால் ஆன எழுத்துருவைப் புரொஜெக்டரில் காட்டினால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளிதான். புள்ளி மறைந்தால் "பல்" என்பது "பல" ஆகிவிடும். பற்களின் வகைகளைப் பற்றிய ஸ்லைடு ஒன்றில், "கடைவாய்ப் பல்" என்ற சொல்லை ஒரு மாணவன் "கடைவாய்ப் பல" என்று உரக்கப் படித்து, வகுப்பே சிரித்த பிறகுதான் அந்த அலங்கார எழுத்துருவைக் கைவிட்டேன். எழுத்தைச் சுற்றிக் கோடு வரைவதும், நிழல் கொடுப்பதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் ஆகிய மூன்றும் புள்ளி தெளிவாகத் தெரியும் யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியாக்கம்) எழுத்துருக்கள். மூன்றும் கட்டற்ற உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மெல்லிய வடிவத்தை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் அதையே பயன்படுத்துங்கள்.

பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் கைவசம் இருந்தால் எச்சரிக்கை தேவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது பாடம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். வகுப்பில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைச் சரிசெய்ய முடியாது. முன்கூட்டியே யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை முழுதாகப் படித்துச் சரிபாருங்கள்.

4. நிறங்களுக்கு வேலை கொடுங்கள்

ஒரு படத்துக்கு மூன்று நிறங்கள் போதும்: பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கும் கோடுகளுக்கும் ஒன்று, "இங்கே பார்" என்று சொல்ல ஒன்று. மூன்றாவது நிறம் திரையில் ஓரிடத்தில் மட்டுமே தோன்ற வேண்டும். ஐந்து இடங்களில் தோன்றினால் கண் எங்கே போவது?

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாட்டை அளப்பதற்கு ஒரு விகிதம் இருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்றும், பெரிய எழுத்துக்கு 3:1 என்றும் வரையறுத்துள்ளன. இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்துக்கு இந்த விகிதம் 1.1-ஐக்கூட எட்டுவதில்லை. புரொஜெக்டர் கருப்பை உமிழாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது ஒளியை அனுப்பாமல் விடும் இடமே நமக்குக் கருப்பாகத் தெரிகிறது. சன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழும் அறையில் அந்தக் கருப்பு வெளிறிய சாம்பல் ஆகிவிடும். அத்தகைய அறையில் வெள்ளைப் பின்னணியும் கரும் எழுத்துமே பாதுகாப்பானவை.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குறைபாடு பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு உண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. தனக்கு அது இருப்பதே தெரியாத மாணவர் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். "சிவப்புக் கோட்டைப் பாருங்கள்" என்று நீங்கள் சொல்லும்போது அவர் பக்கத்து மாணவனின் விரல் போகும் திசையைப் பார்ப்பார். வரைபடத்தில் ஒரு கோட்டை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் வரைந்து, கோட்டின் மேலேயே பெயரை எழுதிவிட்டால் நிறம் தெரியாவிட்டாலும் பாடம் தெரியும். சோதிப்பது எளிது: ஸ்லைடைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாமல் இருந்தால் தேறியது.

கரும்பலகை மட்டும் உள்ளவர்களுக்கும் இதே விதிதான். வெள்ளைச் சுண்ணக்கட்டியும் மஞ்சள் சுண்ணக்கட்டியும் தெளிவாகத் தெரியும். சிவப்பும் நீலமும் பின்வரிசைக்குப் போய்ச் சேராது.

5. கிடைத்த படத்தை அப்படியே ஒட்டாதீர்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், நீங்களும் செலவிட வேண்டும். பாடநூல் படங்களும் இணையப் படங்களும் எல்லோருக்கும் எல்லாமும் இருக்க வேண்டும் என்று வரையப்பட்டவை. இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றில் பதினைந்து பெயர்கள் இருக்கும். முதல் படியில் நாம் எழுதிய வாக்கியத்துக்குத் தேவைப்படுபவை நான்கு அறைகளும் நான்கு குழாய்களும் அம்புக்குறிகளும் மட்டுமே. மற்ற பெயர்களை அழித்துவிடுங்கள். வால்வுகளின் பெயர்கள் தேர்வில் வருமே என்று கை நடுங்கும். வால்வுகளுக்கு அடுத்த ஸ்லைடு இருக்கிறது.

பிறகு, உறுப்புகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்துவிட்டு ஓரத்தில் பெயர்ப் பட்டியல் போடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். மாணவரின் கண் எண்ணுக்கும் பட்டியலுக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும்போது, இரத்தம் எங்கே போகிறது என்று யோசிக்க மூளையில் இடம் மிஞ்சுவதில்லை. "வலது ஆரிக்கிள்" என்ற பெயரை அந்த அறைக்குள்ளேயோ அதை ஒட்டியோ எழுதுங்கள்.

இதயப் படத்தில் இரண்டு கண்ணிகள் உள்ளன. இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். முதலாவது, படத்தின் இடப்பக்கம் இருப்பது இதயத்தின் வலப்பக்கம். எதிரில் நிற்கும் ஒருவரின் மார்பைப் பார்ப்பதுபோல் வரையப்பட்டிருப்பதே காரணம். இதைச் சொல்லாமல் விட்டால், கவனமாகப் பார்க்கும் மாணவர்தான் முதலில் குழம்புவார். படத்தைச் சுற்றி ஒரு மனித உருவத்தின் வெளிக்கோட்டை மெல்லிய சாம்பல் நிறத்தில் வரைந்து, அதன் கையருகே "வலது கை" என்று எழுதினேன், கேள்விகள் நின்றுவிட்டன. இரண்டாவது, நீல நிறம். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நீலமாகக் காட்டுவது வழக்கம் மட்டுமே. உண்மையில் அது கருஞ்சிவப்பு. ஆனால் உடலுக்குள் நீல இரத்தம் ஓடுகிறது என்று நம்பி, கையில் தெரியும் நரம்பைச் சாட்சிக்குக் காட்டும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். "நீலம் என்பது அடையாளம் மட்டுமே" என்ற குறிப்பைப் படத்திலேயே எழுதுங்கள். நுரையீரல் தமனியை நீலமாகவும் நுரையீரல் சிரையைச் சிவப்பாகவும் காட்ட மறந்துவிடாதீர்கள். தமனி என்றாலே சிவப்பு என்ற பழக்கத்தில் நான் ஒருமுறை மாற்றிக் காட்டி, அடுத்த வாரம் முழுவதும் திருத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நுணுக்கம். இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடித்தது, உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுவது அதுதான். பல எளிய படங்கள் நான்கு அறைகளையும் ஒரே தடிமனில் வரைந்துவிடுகின்றன. அழகுக்காகச் செய்த சமச்சீர்மை, பாடத்தையே அழித்துவிடும் இடம் இது. படத்தை எளிமையாக்கும்போது, எளிமையாக்கக் கூடாதது எது என்பதையும் பாருங்கள்.

6. ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், ஸ்லைடைப் படிக்காதீர்கள்

முழுப் படத்தையும் முதல் நொடியிலேயே திரையில் போட்டால், நீங்கள் பெருஞ்சிரையைப் பற்றிப் பேசும்போது மாணவர்கள் பெருந்தமனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படத்தின் வெளிக்கோடு முதலில், பிறகு ஒவ்வோர் அம்புக்குறியாக, நீங்கள் பேசும் வரிசையில் வரட்டும். சுழலும், குதிக்கும் அசைவூட்டங்கள் வேண்டாம். "தோன்று" என்ற ஒன்று போதும். அது ஒத்துவராவிட்டால், ஸ்லைடை ஐந்தாறு நகல் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டே போங்கள். பிடிஎஃப் கோப்பிலும் இது வேலை செய்யும் என்பது கூடுதல் வசதி.

திரையில் எழுதியிருப்பதையே வாயாலும் படிப்பது உதவும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். படத்தோடு குரல் விளக்கமும் இருக்கும்போது, அதே சொற்களைத் திரையிலும் முழுதாகப் போடுவது கற்றலைக் குறைக்கக்கூடும் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளில் வெளிப்பட்ட முடிவுகளில் ஒன்று. கண் படிப்பதும் காது கேட்பதும் ஒரே வேகத்தில் போவதில்லை. திரையில் படமும் கலைச்சொற்களும் இருக்கட்டும், விளக்கம் உங்கள் குரலில் வரட்டும். மேற்கோள், கணக்கின் வினா, செவித்திறன் குறைந்த மாணவர் இருக்கும் வகுப்பு ஆகியவை இதற்கு விலக்கு.

பவர்பாயிண்டிலும் லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸிலும், ஸ்லைடு ஓடும்போது ஆங்கில "B" எழுத்து விசையை அழுத்தினால் திரை கருப்பாகும். விவாதம் தொடங்கும்போது அதை அழுத்துங்கள். திரை அணைந்ததும் முகங்கள் உங்கள் பக்கம் திரும்புவதை உடனே பார்ப்பீர்கள்.

7. சுவரை நிரப்பாதீர்கள்

2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். சுவர் நிறைய அலங்காரம் இருந்த அறையில் குழந்தைகளின் கவனம் அதிகமாகச் சிதறியது, கற்றதும் குறைந்தது. சிறிய ஆய்வுதான், சின்னக் குழந்தைகளைப் பற்றியதுதான். ஆனால் கரும்பலகைச் சுவரைக் காலியாக வைக்க எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது. சார்ட்டுகளைப் பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் மாட்டுங்கள். நடந்துகொண்டிருக்கும் பாடத்துக்கு உரியவற்றை மட்டும் வைத்து, பாடம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஒரு பருவம் முழுவதும் ஒரே இடத்தில் தொங்கும் சார்ட்டைப் பத்தாம் நாளுக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

8. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

படங்களின் உரிமத்தை அலட்சியம் செய்யாதீர்கள், குறிப்பாகக் கோப்பைப் பிறரோடு பகிரும் எண்ணம் இருந்தால். ஆக்கியவர்களே பிறர் பயன்பாட்டுக்கு முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் "ஆக்கியோரைக் குறிப்பிடுக" என்ற வகையில், ஆக்கியவர் பெயர், மூலம், உரிமத்தின் பெயர், செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் போதும். "மாற்றம் கூடாது" என்ற வகைப் படத்தில் ஆங்கிலப் பெயர்களை அழித்துத் தமிழில் எழுதிப் பிறருக்குப் பரப்புவது உரிமத்தை மீறுவதாகும்; நம்மில் பலர் தெரியாமல் செய்வது இதைத்தான். "அதே உரிமத்தில் பகிர்க" என்றிருந்தால், மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். படத்தைப் பதிவிறக்கும்போதே இந்த விவரங்களை ஒரு விரிதாளில் குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

மாணவர்களின் புகைப்படங்களைச் சார்ட்டிலோ ஸ்லைடிலோ பயன்படுத்துவதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. எங்கே, எவ்வளவு காலத்துக்கு என்பதும் அதில் இருக்கட்டும். கேன்வா போன்ற இணைய வடிவமைப்புச் சேவைகள் பள்ளி ஆசிரியர்களுக்குக் கட்டணமின்றித் தரும் கல்விக் கணக்குக்கு, நீங்கள் ஆசிரியர் என்பதற்கான சான்றைப் பதிவேற்ற வேண்டியிருக்கும். பெயரும் நிறுவனமும் தெளிவாகத் தெரியும் நகலை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பாடத்துக்கு முந்தைய இரவில் விண்ணப்பிக்காதீர்கள்.

9. செலவும் நேரமும்

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. லிப்ரே ஆஃபிஸ் இலவசம். பணம் கரையும் இடம் அச்சு. முழுப் பக்கமும் அடர்நிறப் பின்னணி கொண்ட கைத்தாள் மையைக் குடிக்கும், அதன்மேல் மாணவர் எழுதவும் முடியாது. கைத்தாள்களைக் கருப்பு வெள்ளையிலேயே வடிவமைத்து, நிறம் தீட்டும் வேலையை மாணவர்களிடம் விட்டுவிடுவது சிக்கனமும் ஆகும், பயிற்சியும் ஆகும். ஏ3 சார்ட் அச்சிடுவதாக இருந்தால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் படம் 3508 × 4961 பிக்சல் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த சிறு படத்தைப் பெரிதாக்கினால் பல்பல்லாகத் தெரியும். லேமினேஷன் செய்வதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்க இன்னொருவரிடம் கொடுங்கள், பளபளக்கும் உறையைவிட மங்கல் உறையைக் கேளுங்கள். பளபளப்பில் சன்னல்தான் தெரியும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு நல்ல படத்துக்கு முதன்முறை இரண்டு மணி நேரம் ஆகும் என்று எதிர்பாருங்கள். நிறங்களும் எழுத்துருவும் இடைவெளியும் அமைந்த ஒரு வெற்று ஸ்லைடை வார்ப்புருவாகச் சேமித்து வைத்தால் அடுத்தடுத்தவை நாற்பது நிமிடத்துக்குள் முடியும். எல்லாப் பாடங்களையும் ஒரே விடுமுறையில் மாற்றிவிட முயலாதீர்கள். மாணவர்கள் ஆண்டுதோறும் தவறு செய்யும் மூன்று பாடங்களில் தொடங்குங்கள்.

10. முந்தைய நாளும் மறுநாளும்

முந்தைய நாளே வகுப்பறைக் கணினியில் கோப்பைத் திறந்து பாருங்கள். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். பழைய 4:3 புரொஜெக்டரில் 16:9 ஸ்லைடைக் காட்டினால் உயரத்தில் கால்பங்கு வீணாகி எழுத்தும் அதற்கேற்பச் சிறுத்துவிடும்; ஆகவே விகிதத்தை முதலிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பாடம் முடிந்த மறுநாள், மாணவர்களிடம் அரைத்தாள் கொடுத்து, நேற்றைய படத்தைப் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும், மதிப்பெண் வேண்டாம். தாள்களைச் சேகரித்து, எது பலராலும் விடுபட்டது, எது இடம்மாறியது என்று மட்டும் எண்ணுங்கள். என் இதயப் படத்துக்கு முதல்முறை இப்படிச் செய்தபோது, நுரையீரலிலிருந்து திரும்பும் அம்புக்குறியைப் பாதிப் பேர் வலது ஆரிக்கிளுக்குள் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். ஸ்லைடைத் திறந்து பார்த்தால், அந்த அம்பு பெருந்தமனிக்குப் பின்னால் மறைந்து, நுனி வெளியே தெரியாமல் இருந்தது. அதைத் தடித்த கோடாக்கி, தமனிக்கு முன்னால் கொண்டுவந்து, அடுத்த பிரிவுக்குக் காட்டினேன்.